மான் விரட்ட லைசன் எடுத்த செய்னம்பு ராத்தா

செய்தி வந்தபோது நான் ஆலங்குடாவில், மீன்காரரின் தராசுக்கு முன்னால் பையோடு நின்றுகொண்டிருந்தேன். வண்ணாத்திவில்லிலிருந்து ராத்தாவின் அயலவர் ஜவாஹிர் தொலைபேசியில் அழைத்தார். எப்போதும் தொலைபேசி இல்லாமலே ஆலங்குடா வரை கேட்கக்கூடிய குரல் அவருடையது. அன்று அது மிகவும் தாழ்ந்திருந்தது. “மிஸ், செய்னம்பு ராத்தா மௌத்தாப் போய்ட்டா. சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனா எழும்பல்ல. அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்.” மீனை வாங்காமலே பஸ் ஏறினேன்.

ஜனாஸா வீட்டில் பெண்கள் உள்ளறையில் பாயில் அமர்ந்திருந்தார்கள். முதல் அரைமணி நேரம் அழுகைதான். பிறகு ராத்தாவின் மச்சி ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே, “மான ஏசுற மாதிரி என்னையும் ஒருநாள் ஏசிட்டா” என்று தொடங்கினார். அடுத்தவர் இன்னொரு கதை சொன்னார். ஐந்தாவது கதையில் அறை முழுவதும் சிரித்தது. வாசலில் கதிரையில் இருந்த காசிம் நானா, ராத்தாவின் கணவர், தலையைத் திருப்பி, “என்ன கதை அது? எனக்கும் கேக்கச் சொல்லுங்க” என்றார். அந்த வீட்டில் சிரித்ததற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்று அப்போது விளங்கியது. ஆகவே இந்த அஞ்சலியையும் அழுத முகத்தோடு எழுதவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு அது தவறாகப் படாது.

நான் அவரை முதலில் கண்டது ஓர் அரச கந்தோரின் கருமபீடத்தில். யுத்தம் முடிந்து சில காலம் ஆகியிருந்தது. வன்னியிலிருந்து வந்து புத்தளத்தில் குடியேறிய எனக்கு அங்கே எழுதுவினைஞர் வேலை. தமிழ், சிங்களம் இரு மொழியும் தெரியும் என்பதால், பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி, எங்கள் வழக்கில் துவக்கு, கேட்கும் விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்தன. யுத்த காலத்தில் கமக்காரரிடம் துவக்குகள் இல்லாமல் போயிருந்தன. இப்போது மீண்டும் அனுமதி கொடுக்கிறார்கள் என்றதும் ஆண்கள் வரிசையாக வந்தார்கள். அந்த வரிசையில் ஒரு பச்சைக் குடையும் அதன் கீழே ஒரு பெண்ணும் நின்றார்கள்.

விண்ணப்பத்தை வாங்கிய நான், “உங்கட மனுசன் வரல்லையா? அவர் வந்து கையொப்பம் வைக்க வேணும்” என்றேன்.

“அவர் எதுக்கு? லைசன் எனக்கு.”

“உங்கட பேரிலா?”

“ஓம் மிஸ். காணி பெர்மிட் என்ட பேர்ல. கச்சான் போட்டது நான். மான் மட்டும் அவர்ட பேர்லயா வருது?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ராத்தா திரும்பிப் பார்த்து, கூச்சமே இல்லாமல் விளக்கமும் கொடுத்தார். “அவருக்கு மாலைக்கண். மஃரிபு பாங்கு சொன்னா அவருக்கு மானும் ஒண்டுதான், மாமியாவும் ஒண்டுதான். அவர்ட கையில துவக்கக் குடுத்தா ஊர் தாங்குமா?”

அவர்கள் இருவரும் தொண்ணூறில், தமிழ் ஆயுத இயக்கம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள். வண்ணாத்திவில்லுக்கு அப்பால், காட்டோரம் கிடைத்த காணியைக் கையாலேயே வெட்டித் துப்புரவாக்கி, நிலக்கடலை என்று சிலர் சொல்லும் கச்சானும் கௌபிப் பயறும் போட்டார்கள். கச்சான் காய் பிடிக்கிற காலத்தில் புள்ளிமான் கூட்டம் வரும். கொடியைக் கடித்து இழுத்து, காயோடு புரட்டிவிட்டுப் போகும். மீதியைக் காட்டுப்பன்றி கிளறும். முந்திய இரண்டு போகமும் விதைக்குக்கூட மிஞ்சவில்லை. இன்னொரு போகமும் போனால் காணியை விட்டுப் போவதுதான் வழி. “ஒருக்கா எழும்பி வந்தது போதும் மிஸ், இனி எழும்ப ஏலா” என்று மட்டும் அன்று சொன்னார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

எங்கள் பகுதியில் அப்போது வெறும் விண்ணப்பத்துக்கு அனுமதி கிடைக்காது. கிராம சேவகரின் அறிக்கை, பொலிஸ் அறிக்கை, கண் சோதித்த வைத்தியரின் கடிதம் எல்லாம் வேண்டும். அவற்றுக்கு மேல் ஒருநாள் பயிற்சியில் இருந்து, பொழுதுபட்ட பிறகு நடக்கும் பரீட்சையில் தேற வேண்டும். பயிற்சி கொடுத்தவர் ஒரு வனவிலங்கு அதிகாரி. சிங்களத்தில்தான் பேசுவார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். பொதுமண்டபத்தில் கதிரைகள் போட்டிருந்தன. ஆண்கள் எல்லாரும் பின்வரிசைகளை நிரப்பியிருக்க, ராத்தா முன்வரிசையில் தனியே, மடியில் கொப்பியோடு இருந்தார்.

அதிகாரி முதலில் சட்டத்தைச் சொன்னார். மான் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைச் சுடக்கூடாது, பொறி வைக்கக்கூடாது, காயப்படுத்தவும் கூடாது. வெளிச்சத்தாலும் சத்தத்தாலும் விரட்டலாம். துவக்கு மேலே பார்த்துச் சுடுவதற்கு; பயிரைக் கிளறும் பன்றிக்கு மட்டும் விதிவிலக்கு. நான் மொழிபெயர்த்து முடித்ததும் ராத்தா கையை உயர்த்தினார்.

“சுடலாம் எண்டு சொல்றத எங்களுக்குத் திங்க ஏலா. திங்கலாம் எண்டத சுட ஏலா. சரிதானே மிஸ்?”

மண்டபம் அதிர்ந்தது. அதிகாரிக்கு அதைச் சிங்களத்தில் சொல்வதற்குள் எனக்கும் சிரிப்பு வந்து இரண்டு தரம் நின்றேன். அவரோ மேசையில் தட்டிச் சிரித்தார். “இருபது வருசமாக நான் விளக்குகிற சட்டத்தை இந்த அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார்” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். ராத்தா கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அடுத்த பாடம் கண்களைப் பற்றியது. இருட்டில் டோச் அடித்தால் மானின் கண் பச்சை கலந்த வெள்ளையாக மின்னும். மேய்கிறபோது தாழ்ந்து, தலை தூக்கினால் உயரும். மாட்டின் கண்ணும் மின்னும். பன்றியின் கண் மின்னாது. மனிதனின் கண்ணும் மின்னாது. ராத்தா எழுதுவதை நிறுத்தினார். “அப்ப பண்டியும் மனுசனும் டோச்சுக்கு ஒண்டா?”

“ஒன்றுதான்” என்றார் அதிகாரி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பரீட்சை மண்டபத்துக்குப் பின்னாலிருந்த தரிசு வயலில் நடந்தது. கறுப்பு மை பூசிய நான்கு தகர உருவங்களை அதிகாரி வயலின் ஓரத்தில் நட்டிருந்தார். மூன்றில் சைக்கிள் ரிப்ளெக்டர்களைக் கண்களாக வைத்திருந்தார். ஒன்றுக்குக் கண் இல்லை. விண்ணப்பகாரர் ஒவ்வொருவராக வரப்புக்கு வந்து, துவக்குக்குப் பதிலாக ஒரு தடியைப் பிடித்து, டோச் அடித்து, என்ன கண்டார் என்றும் என்ன செய்வார் என்றும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மண்டபத்துக்குள் காத்திருந்தார்கள்.

ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வந்தவர் ஜவாஹிர். ராத்தாவின் பக்கத்துக் காணிக்காரர். நான்கு உருவங்களையும் பட்டுப்பட்டென்று சொன்னார். பிறகு டோச்சை இன்னும் கொஞ்சம் அப்பால், ஒரு புதர்ப் பற்றைக்குத் திருப்பினார். அதன் அடியில் கறுப்பாக, உருண்டையாக ஏதோ இருந்தது. “அந்தா! பெரிய தனியன் பண்டி!” என்று தடியைத் தோளில் வைத்து, “டுமீல்!” என்று சத்தமிட்டார். வெற்றியோடு எங்களைப் பார்த்தார். அதிகாரி எதையோ எழுதினார். ஜவாஹிர் போனதும் என் பக்கம் குனிந்து, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: “நான் நான்குதான் வைத்தேன்.”

அவர் அதைப் போய்ப் பார்ப்பதற்குள் ராத்தா வந்துவிட்டார். நான்கையும் நிதானமாகச் சரியாகச் சொன்னார். அவருடைய வெளிச்சமும் பற்றையடிக்குப் போய் அங்கேயே நின்றது. நீண்ட நேரம் பார்த்தார்.

“என்ன அது?” என்று அதிகாரி கேட்கச் சொன்னார்.

“தெரியல்ல மிஸ்.”

“தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்.”

“பாத்துக்கிட்டு இருப்பேன். தெரியாததுக்கு வெடி இல்ல.” பிறகு தடியைக் கீழே வைத்துவிட்டு, கையை வாயருகே குவித்து, “ஆரது அங்க?” என்று கூப்பிட்டார்.

பற்றை பதில் சொன்னது. “நான்தான் புள்ள. காசிம்.”

மனைவியைக் கூட்டிப்போக மாலையிலேயே புறப்பட்டவர் காசிம் நானா. வழியில் இருட்டிவிட்டது. மாலைக்கண் பாதையை மறைத்தது. தடுமாறி வயலுக்குள் இறங்கியவர், இனி அசைந்தால் கிணற்றில் விழுவோம் என்று பயந்து, சாரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு குந்திவிட்டார். ராத்தா ஓடிப்போய், கையைப் பிடித்து, குழியையும் கல்லையும் சொல்லிச் சொல்லி அவரைக் கூட்டிவந்தார். குரலில் மட்டும் கோபம். “ஒரு சத்தம் போட்டா என்ன?”

“பரீட்ச நடக்குதே எண்டுதான் பேசாம இருந்தன்” என்றார் அவர்.

அதிகாரி அவரை மண்டபத்துக்கு அழைத்துப்போய் எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினார். “இன்றைய பாடம் இவர்தான். ஒருவர் இவரைச் சுட்டார். ஒருவர் சுடவில்லை” என்றார். யார் சுட்டது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஜவாஹிர் எழுந்து வந்தார். அந்தப் பெரிய மனிதர், பெரிய குரல்காரர், காசிம் நானாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். நானா அவருடைய தோளில் தட்டி, “பரவால்ல வாப்பா, தடிதானே” என்றார். ஜவாஹிர் அடுத்த பயிற்சிக்குத் திரும்பவும் வந்து, முன்வரிசையில் இருந்து தேறினார். பின்னாளில் அந்த ஊர்க் காவலில் அவரைவிடக் கவனமானவர் இல்லை என்று ராத்தாவே சொல்வார்.

பரீட்சையில் தேறியும் ராத்தாவின் கோப்பு நகரவில்லை. பெண் ஒருவரின் பெயரில் இப்படிக் கோப்பு வந்தது எங்கள் கந்தோரில் அதுவே முதல்தடவை. எங்கள் மேலதிகாரி கெட்டவர் அல்லர், தயங்குகிறவர். நான் இரண்டு தரம் கோப்பை அவருடைய மேசையில் மேலே எடுத்து வைத்தேன். இரண்டு தரமும் அது கீழே போயிருந்தது. கச்சான் பூத்துவிட்டது என்று ராத்தா வந்து சொன்ன அன்று, அவரை நேரே உள்ளே கூட்டிப்போனேன். அந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியாது.

மேலதிகாரி அன்பாகத்தான் கேட்டார். “அம்மா, ராவையில காட்டுப் பக்கம், பொம்பிளை ஒராள்... உங்களுக்குப் பயமில்லையா?”

“சேர், நாங்க வந்த புதுசில எங்கட கொட்டிலுக்குக் கதவே இல்ல. யான வந்து கூரை ஓலையப் புடுங்கித் திண்டிச்சு. நாலு வருசம் அப்பிடி இருந்தம். அப்ப ஒருத்தரும் எனக்கிட்டப் பயமா எண்டு கேக்கல்ல. லைசன் கேட்டதுக்குப் பொறகுதான் எல்லாரும் கேக்கிறீங்க.”

அவர் அடுக்கின் அடியிலிருந்து கோப்பை இழுத்தெடுத்தார். திறந்து கையொப்பம் வைத்தார். வெளியே வந்ததும் ராத்தா பச்சைக் குடையை விரித்து, வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றினார். ஐம்பதை எட்டிய பெண், கந்தோர் முற்றத்தில், எல்லாரும் பார்க்க. பிறகு என்னையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

அனுமதிப்பத்திரத்தோடு பதினொரு நிபந்தனைகள் இருந்தன. அவற்றைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். சில மாதங்களுக்குப் பிறகு, கடற்கரைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு மான் இறைச்சி தேடிய ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒரேயொரு மான், யாருக்கும் தெரியாது, கை நிறையத் தருகிறோம் என்றாராம். ராத்தா அவரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, எதிரே நின்றுகொண்டு நிபந்தனைகளை ஒன்றாவதிலிருந்து உரத்து வாசிக்கத் தொடங்கினார். நாலாவதில் அவர் எழும்பினார். “இருங்க தம்பி, இன்னம் ஏழு ஈக்கி” என்று இவர் வாசலுக்கும் போய் வாசித்தார். ஐந்தாவதை அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே கேட்டார். இந்தக் கதையை எங்கள் கருமபீடத்தில் ராத்தா நடித்துக் காட்டியபோது, மேலதிகாரியும் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

அந்தப் போகத்தில்தான் என்னையும் காவலுக்கு அழைத்தார். “லைசன் குடுத்தவங்க வந்து பாக்கணும்” என்றார். நான் மறுத்தேன். காரணம் சொல்லவில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களைப் பதுங்குகுழியில் கழித்தவள் நான். அதன் பிறகு ஓர் இரவேனும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்ததில்லை. அவர் விடவில்லை. ஒரு சனிக்கிழமை போனேன்.

காவல்பரண் தரையிலிருந்து ஓர் ஆள் உயரம். அரிக்கன் லாம்பை நடுவில் வைத்துக்கொண்டு அவித்த கச்சான் தின்றோம். காசிம் நானா கீழே கட்டிலில் படுத்துவிட்டார். பிறகு ராத்தா லாம்பை அணைக்கப் போனார். நான் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. “வெளிச்சம் எங்கட கண்ணத்தான் குருடாக்கும் மிஸ். அணச்சாத்தான் வெளிய தெரியும். நான் கையப் புடிச்சுக்கிட்டே ஈப்பேன்” என்றார்.

அணைத்தார். முதலில் ஒன்றுமே இல்லை. என் நெஞ்சடிப்பு மட்டும். அவர் காதோடு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். “அது ஆந்த. அது பனை ஓலை. அது காத்தில்ல, என்ட மனுசன்ட கொறட்ட.” நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு பார்த்தால், வானம் தெரிந்தது. வேலி தெரிந்தது. அவருடைய முகமும் தெரிந்தது.

மான்கள் வந்தபோது மழைத் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கச்சான் இலை கடிபடுகிற சத்தம். “வந்திட்டாங்க, கலியாண ஊட்டுக்கு வந்த மாதிரி” என்று கிசுகிசுத்துவிட்டு ராத்தா டோச்சை அடித்தார். வயல் முழுவதும் பச்சைப் புள்ளிகள் நிமிர்ந்தன. நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். அத்தனை அழகை நான் இருட்டில் எதிர்பார்த்திருக்கவில்லை.

பிறகு தொடங்கினார் ராத்தா. தகரத்தில் அடி, இடையிடையே பேச்சு. “போதும் போதும், எழும்புங்க! ஒங்கட வாப்பாவா இத நட்டாரு?” பக்கத்துப் பரணிலிருந்து ஜவாஹிரின் குரலும் தகரமும் சேர்ந்தன. வெளிச்சத்தை மூன்று பக்கமும் சுழற்றினாலும், காட்டுப் பக்கத்துக்கு மட்டும் அவர் அடிக்கவேயில்லை. கூட்டம் முழுவதும் அந்த இருட்டான பக்கமாக வழிந்து ஓடியது.

“ஏன் அந்தப் பக்கம் மட்டும் விட்டீங்க ராத்தா?”

“தொரத்தக்கொள்ள ஒரு பக்கத்தத் தொறந்து வெக்கணும் மிஸ். நாலு பக்கமும் அடச்சா அது கம்பியில உழுந்து சாகும். பரீட்ச வெச்ச அந்த மாத்தயா சொல்லித் தந்தாரே, ஒங்கட வாயாலதானே கேட்டேன்.” டோச்சை மடியில் வைத்துவிட்டு, “எங்களத் தொரத்தக்கொள்ளக் கடல் பக்கம் தொறந்திருந்திச்சு. அதால தப்பினம்” என்றார்.

எங்களுக்கு நான்கு பக்கமும் அடைத்திருந்தது என்று நான் சொன்னேன். அதை அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. பதுங்குகுழியைப் பற்றியும் சொன்னேன். அவரைத் துரத்தியவர்கள் என் இனத்தவர்கள். அதுவும் எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் என் கையைத் திரும்பவும் பிடித்துக்கொண்டார். “இப்ப வந்திட்டீங்கதானே” என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் வயலின் நடுவில் ஒரு குட்டிமான் மிச்சம் இருப்பதைக் கண்டோம். வாய் நிறையக் கொடியோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. ராத்தா பரணிலிருந்து இறங்கி, இடுப்பில் கை வைத்து, அதன் முன்னால் போய் நின்றார். “ஒங்களுக்கு வேறயாக் காயிதம் போட்டுச் சொல்லணுமா?” அது ஒருதரம் மென்றது. பிறகு துள்ளி, தாய் போன வழியே ஓடியது. ராத்தா வயலின் நடுவே நின்று சிரித்தார். பரணில் நான் சிரித்தேன். காசிம் நானா எழும்பி, “என்ன, விடிஞ்சிட்டா?” என்று கேட்டார். அந்தப் போகத்துக் கச்சான் வீடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிந்தியவையும் வந்தன. அவர்கள் அந்தக் காணியை விட்டு எழும்பவில்லை.

கடைசிவரை ராத்தா காவலுக்குப் போனார். போன மாதமும் ஜவாஹிரின் பரணில் ஏறி, தகரம் சரியான சத்தம் கொடுக்கவில்லை என்று குறை சொல்லியிருக்கிறார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரவைத்தான். பரணிலிருந்து வந்த மறுநாள் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன், நித்திரை வந்தது. அடக்கம் முடிந்து நாலு நாளுக்குப் பிறகு ஆலங்குடாவில் மின்சாரம் போனது. மெழுகுதிரி தேடவில்லை. பின்படியில் போய் அமர்ந்தேன். முதலில் கடல் கேட்டது. பிறகு பக்கத்து வீட்டில் யாரோ பிள்ளைக்குக் கதை சொல்வது கேட்டது. அந்தப் பிள்ளை இடையில் சிரித்ததும் கேட்டது. மின்சாரம் வந்த பிறகும் கொஞ்ச நேரம் நான் உள்ளே போகவில்லை.